கேசட்டுக்குத் திரும்பாத கல்யாணம்

எடிட்டிங் முடிந்த கல்யாணம் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. நான் வேலை பார்த்த ராஜபாளையம் ஸ்டூடியோவுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில்தான் கம்ப்யூட்டர் வந்தது. அதில் எடிட் செய்த முதல் கல்யாணமே இப்படி ஆனது.

வீடியோ எடிட்டிங்குக்காகக் கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் நான்தான். மதுரைக் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்றில் எஃபெக்ட் குறைவு. இன்னொன்றில் இதயம் பறக்கும், பக்கம் புரளும், மாப்பிள்ளை தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். முதலாளி மட்டும், "ஏலே, நம்ம வேலைக்கு ஆகுமான்னு நல்லாக் கேட்டுக்கோ" என்றார். எல்லாம் கேட்டாயிற்று என்றேன். நான் கேட்டது எத்தனை எஃபெக்ட் என்பதை மட்டும்தான். கேமராவிலிருந்து படத்தை உள்ளே ஏற்ற அதில் வயர் செருக இடம் இருந்தது. எடிட் செய்ததை டெக்குக்கு அனுப்பி கேசட்டில் பதிய அவுட்புட் கிடையாது. வேலையெல்லாம் முடித்து, கையில் வயரோடு கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் துழாவியபோதுதான் அது தெரிந்தது.

அந்தக் கல்யாணம் செட்டியார்பட்டி முத்துலட்சுமி அக்காவின் மகளுடையது. அக்கா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை செய்து ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். கணவரை இழந்தவர் என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் சமையல்கட்டிலேயே நின்றுவிட்டார். யாரும் அவரை வரச் சொல்லவும் இல்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் கேசட்டில்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்குச் சொல்லி வைத்துவிட்டு, சனிக்கிழமை கேசட் வாங்க வந்து நின்றார்.

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்லி, கார்டை மாற்றி ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. இங்கேயே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமா என்றுதான் கேட்டார். மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டேன்.

முகூர்த்தம் வந்தது. தாலி ஏறும் நேரத்தில் திரை முழுக்க நான் போட்ட இதயங்கள் பறந்தன. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தம்பி, தாலி கட்டையில எம்மவ எந்தப் பக்கம் பாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்துப் பெண் கழுத்தைத் திருப்பி வேறெங்கோ பார்த்துவிட்டாள். தப்பான ஷாட் என்று அதை வெட்டி, வெட்டிய இடத்தை இதயத்தால் மூடியிருந்தேன். நல்லவேளை, வெட்டியது ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருந்தது. இதயங்களை எடுத்துவிட்டு, கிளிப்பைப் பழைய நீளத்துக்கு இழுத்து மறுபடி ஓட்டினேன். நாதஸ்வரக்காரர்களைத் தாண்டி, ஓரத்து வாசல் ஒன்றையே பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சமையக்கட்டு வாசல். கதவுக்குப் பின்னாலதான் நா நின்னேன்" என்றார் அக்கா. "செத்த நேரம் நிறுத்துங்க தம்பி."

நிறுத்தினேன். கேசட்டை நிறுத்தினால் படத்தில் கோடு விழும். இதில் முகம் தெளிவாக நின்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் அழுதுவிட்டேன்.

முதலாளி திட்டிக்கொண்டே கார்டை மாற்றித் தந்தார். அடுத்த வாரம் கேசட் போனது, இதயம் இல்லாமல்.

இன்றைக்கும் கார்டு வாங்கப் போகிறவர்கள் எந்த மாடல், எவ்வளவு மெமரி என்று என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் எடிட் செய்யும் படத்தைப் பார்க்கப்போவது யார், அவர் எதில் பார்ப்பார் என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். ஒரு ஷாட்டை வெட்டுவதற்கு முன்னாலும் அவரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.