அப்பா ஏந்திய காற்றுப்பந்து

வாசகரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாட்சியாக இருங்கள், போதும். டோர்ட்மண்ட் பூங்காவில் சனிக்கிழமைக் காலைகளில் ஜேர்மன் முதியவர்கள் வரிசையாக நின்று, கண்ணுக்குத் தெரியாத பந்தொன்றை நெஞ்சுக்கு நேரே ஏந்துவார்கள். அவர்களுக்கு நடுவே என் அப்பாவும் நிற்பார். அந்தப் பயிற்சிக்குப் பெயர் ச்சிகொங். உடலிலும் உலகிலும் ஓடும் உயிராற்றலைச் சீனர்கள் ‘ச்சி’ என்பார்கள். அது தடையின்றி ஓடினால் நலம், தேங்கினால் நோய் என்பது அவர்களின் மரபு.

எங்கள் தமிழ் மண்டபத்தில் அதுவே பட்டிமன்றப் பொருளாயிற்று: உயிராற்றல் உண்மையா, கற்பனையா? சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கற்பனை அணி விழுந்தது. விழுந்த அணிக்காக உயிரைக் கொடுத்துப் பேசுவதே நான் பயின்ற மேடைக்கலை. “அளவுகோலுக்கு அகப்படாத ஆற்றல் அறிவுக்கு அகப்படுமா?” என்று முழங்கினேன். கைதட்டல் எனக்குப் போதவில்லை. முழங்காலை மடித்து, கைகளை வளைத்து, அப்பாவைப் போலவே நின்று காட்டினேன்.

“அண்ணை, பந்து பத்திரமே?” என்று யாரோ அவையில் இருந்த அப்பாவைப் பார்த்துக் கத்த, மண்டபம் அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார். நாங்கள் வென்றோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டிலேயே இருந்தார்.

“போகேல்லையோ அப்பா?”

“நீதான் விளக்கமாச் சொல்லிப்போட்டியே.”

“அது சீட்டில வந்த கட்சி அப்பா. மற்றது வந்திருந்தா அதுக்கும் பேசியிருப்பன்.”

“எனக்கெப்பிடித் தெரியும்? நீ உண்மையாத்தானே கத்தினாய்.”

பூங்காவுக்கு நானே போனேன். ஒரு ஜேர்மன் மூதாட்டி, அப்பா எங்கே என்று கேட்டார். அதை விவாதத்துக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு, ச்சிக்கு அறிவியல் சான்றில்லை என்று பிழையற்ற ஜேர்மனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவர், “அவருக்குக் காய்ச்சலா?” என்றார்.

பயிற்சி தொடங்கியது. எவரும் பேசவில்லை. வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் சிறு வயதிலிருந்தே அப்பாவின் நாக்கு நான்தான். ஒரு உணவகத்துச் சமையலறையில் இத்தனை காலம் கோப்பை கழுவிய அவருக்கு, நான் தேவைப்படாமல் ஜேர்மனியரோடு சேர்ந்து நிற்க இந்த நாட்டில் வாய்த்தது இந்தப் புல்வெளி மட்டுமே. அதையும் நான் பேசியே பறித்துவிட்டேன். ச்சி உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. வரிசையில் அவர் நிற்குமிடம் வெறுமையாகக் கிடந்தது. இருபக்கத்தவரும் நெருங்கி அதை மூடவில்லை. அதில் போய் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை.

வீடு திரும்பி அப்பாவிடம் சொன்னேன். “வாற கிழமை போங்கோ அப்பா. உங்களைத் தேடுகினம்.”

“போனா எங்கட சனம் சிரிக்குமடா.”

என் தலை நிமிரவில்லை, ஆயினும் உரக்கவே சொன்னேன்: “அந்தச் சனத்துக்கு முன்னால, அதே மேடையில ஏறி, எந்தக் கட்சியும் எடுக்காமல், உங்களிட்ட மன்னிப்புக் கேப்பன்.”