குழாயில் போட்ட சின்ன ஓட்டை

எட்டாம் வகுப்போடு விசைப்படகு வேலைக்குப் போனவன் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்குக் கீழே, தண்ணீரைச் சுத்தம் செய்ய நானே இன்னொரு தொட்டி அமைத்து, அதில் பாசியும் வளர்த்தேன். மேலிருந்து வழிந்து வரும் தண்ணீரை மோட்டார் திரும்ப ஏற்றும். கசியுமோ என்று பயந்து ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை ஒட்டினேன். கரண்ட் போகும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

முதல் நாளே போனது. மோட்டார் நின்றதும், ஏற்றும் குழாய் வழியாகவே மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, கீழ்த்தொட்டி நிரம்பி, வீடெல்லாம் உப்புத் தண்ணீர். பதறிப்போய்க் குழாயை வெளியே தூக்கினேன்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மீன யாருக்காவது குடுத்துருங்க" என்றாள் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "தெனமும் பேரல்லேருந்து ஓஸ் போட்டு டீசல் எடுக்கிய. ஓஸ்ல காத்து புகுந்தா நின்னுரும்லா?"

ஏற்றும் குழாயைத் திரும்பப் பொருத்தி, மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். மோட்டாரை அணைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஓட்டை வரை இறங்கியதும் குழாய் காற்றை உறிஞ்சியது. கீழ்த்தொட்டியில் விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் அப்படியே நின்றது.

"மீனு இங்கனயே இருக்கட்டும், இன்ஜினியரே" என்றாள்.

ஞாயிறுதோறும் பூசைக்குப் போகுமுன் அந்த ஓட்டையில் ஈர்க்குச்சி விட்டுப் பாசியை எடுத்து, மோட்டாரை நிறுத்திப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் கரண்ட் போனால் நான் தேடுவது விசிறியை மட்டும்தான்.