மூன்று பீஸ் கட்டை

கம்பத்தில் ஏறுமுன் டிரான்ஸ்பார்மர் பெட்டியிலிருந்து மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வோம். கட்டை நம்மிடம் இருந்தால் கம்பியில் கரண்ட் இல்லை. காலடிப்பேட்டையில் எங்கள் கரண்ட் ஆபீசில் இதுதான் வழக்கம். எழுதிவைத்தது கிடையாது. வந்தவன் பார்த்துப் பழகினான். நானும் அப்படித்தான்.

எண்ணூர் ஆபீசில் வேறு வழக்கம். கட்டையைக் கழற்றி அங்கேயே பெட்டிக்குள் வைத்து, கதவில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணியும் இல்லை, கட்டையும் இல்லை என்றால், செம்புக்காகத் திருடிவிட்டார்கள் என்று அர்த்தம். புதுசு போட்டுக் கரண்ட் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவரவர் இடத்தில் இரண்டும் சரியாகவே நடந்தது.

ஒரு புயலுக்குப் பிறகு ஆள் போதாமல் எண்ணூர்க்காரர்களை எங்கள் பக்கம் அனுப்பினார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் என் கூட்டாளியும் அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். மேலே அவன், கீழே நான். பை என் தோளில்.

"இன்னா மாமு, வேடிக்க பாத்துகினு கீற? டீ சொல்லு."

"நீ எறங்கி வந்து வாங்கிக் குடு."

"மேல கீறவன்தான்டா மொதலாளி."

டீக்கடைப் பக்கம் திரும்பினேன். கடையில் டியூப்லைட் எரிந்தது.

பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று கட்டையும் இருந்தன. அப்படியானால் அங்கே யாரோ வேறு கட்டை போடுகிறார்கள். கட்டையை ஒவ்வொன்றாகத்தான் சொருகுவார்கள். கடைக்குப் போவது ஒரு கம்பி. அவன் பிடித்திருந்தது அடுத்த கட்டையின் கம்பி.

"கைய எடு" என்றேன். "கைய எடுடா."

"இன்னா?" என்று குனிந்தான்.

பிறகு பெல்ட்டில் தொங்கினான். தொடக்கூடாது. டிரான்ஸ்பார்மருக்கு ஓடினேன்.

அங்கே எண்ணூர்க்காரன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "திருட்டுப் பசங்க நைனா. மூணையும் அட்சிகினு பூட்டானுங்க. புச்சு போட்டுட்டேன்."

கட்டையைப் பிடுங்கினேன். பிறகு பையைத் திறந்து காட்டினேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கூட்டாளி பிழைக்கவில்லை.

எல்லா ஆபீசுக்கும் ஒரே வழக்கம் என்று பிறகு உத்தரவு வந்தது. பெட்டிக்குப் பூட்டு, சாவி மேலே ஏறுகிறவன் இடுப்பில். நல்ல ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வகுப்பு வைத்தார்கள். அந்த எண்ணூர்க்காரன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பூட்டிக் காட்டச் சொன்னார்கள். அவன் பூட்டை என் பக்கம் நகர்த்தினான். நானே பூட்டினேன். சாவியை நீட்டினேன்.

"நீயே வச்சுக்க" என்றான்.