டெனிஸ்ரனின் இரண்டாவது கிராபிக்ஸ் காட்

நெடுந்தீவில் பிறந்து, வள்ளத்தில் ஏறினால் வாந்தியெடுக்கும் ஒருவனைப் படைத்ததற்கு ஆண்டவர் ஏதோ காரணம் வைத்திருப்பார். அது என்னவென்று டெனிஸ்ரனின் தகப்பன் குருசுமுத்து ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பரம்பரைக் கடற்றொழிலாளி. மகனோ கட்டிய கயிற்றை அவிழ்க்கும்போதே மஞ்சளாகிவிடுவான்.

அதனால் அவன் கலியாண வீடியோக்காரன் ஆனான். தீவில் கலியாணங்கள் குறைவு. ஆனால் நடக்கிற ஒவ்வொன்றையும் பாரிசும் ரொறன்ரோவும் பார்க்கவேண்டும், மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தது உட்பட. படங்கள் பெருகப் பெருக அவனுடைய கம்பியூட்டர் திணறியது. பாரிசிலிருந்து வந்த மச்சான் ஒருவன் படவேலைக்கான அட்டையான தன் பழைய கிராபிக்ஸ் காட்டைக் கொடுத்து, ஏற்கெனவே இருப்பதோடு இதையும் பூட்டினால் வேலை பறக்கும் என்றான்.

அதற்குக் கரண்ட் கொடுக்கப் புதிய பவர் சப்ளை வேண்டும். டெனிஸ்ரன் வாந்தி மாத்திரையை விழுங்கிவிட்டுப் படகேறி, வழியெல்லாம் மீன்களுக்குத் தீன் போட்டு, குறிகட்டுவான் துறையில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். கடைக்காரர் சயந்தன் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: இரண்டு காட்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

இங்கேதான் தீவான் புத்தி வேலை செய்தது. குருசுமுத்துவின் வள்ளத்திலும் இரண்டு எஞ்சின்கள் உண்டு. பெரியது ஓடும்; சின்னது தூக்கிக் கட்டியபடி சும்மா வரும். நடுக்கடலில் பெரியது செத்தால்தான் சின்னது தண்ணீரைத் தொடும். இரண்டையும் சேர்த்து ஓட்டி எண்ணெயைக் குடிக்க விடுகிறவனை ஊரில் விசரன் என்பார்கள்.

“இல்லை அண்ணை, ஒண்டு ஸ்பெயருக்குத்தான்” என்றான் டெனிஸ்ரன்.

சயந்தன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு காட்டுக்குத் தாராளமாகப் போதுமான ஐந்நூற்றைம்பது வாட் சப்ளையைக் கொடுத்தார். அதையும் அதே வயிற்றோடு ஊருக்குக் கொண்டுவந்து பூட்டினான்.

அடுத்து வந்தது ஊர்ப் பொடியன் றெக்ஷனின் கலியாணப் படம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உறவெல்லாம் கூடிப் பார்க்கப்போகிறது. முந்திய படம் பிந்தியதில் குருசுமுத்துவுக்கு ஊரெல்லாம் வசை. “இந்தப் படத்தையும் நீ முடிச்சுக் குடுக்காட்டி, திங்கள் வள்ளத்தில ஏறு. வேற கதை இல்லை” என்றுவிட்டார்.

வெட்டி ஒட்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முழுப் படத்தையும் ஒன்றாக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தியதும் கம்பியூட்டர் பெட்டி செத்தது. திரும்ப எழுப்பினான். திரும்பவும் செத்தது. கரண்டைத் திட்டினான், மச்சானைத் திட்டினான். தாய் பிலோமினம்மா கண்ணூறு என்று சொல்லி, பெட்டிக்கு மேலே அந்தோனியார் படமொன்றைச் சாத்திவைத்தார். அந்தோனியார் சரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் சயந்தனுக்குப் போன் எடுத்தான். மூடியைக் கழற்றிவைத்து, அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னார் அவர். பார்த்தான். இரண்டு காட்டின் விசிறிகளும் வெறிபிடித்துச் சுற்றின, உடனே இருட்டு.

“ரெண்டும் சேர்ந்தெல்லோ இழுக்குது. எங்க காணும் உம்மட ஸ்பெயர்?” என்றார் சயந்தன். ஒவ்வொரு காட்டும் இருநூற்றைம்பது தின்னும், மற்றச் சாமான்கள் நூற்றைம்பது தின்னும், அதற்கு மேலும் இருநூறு கை மிச்சம் வேண்டும், ஆகவே எண்ணூற்றைம்பது வாட்டுக்குக் குறையக்கூடாது என்று கணக்குச் சொன்னார். பழையதைக் கொண்டுவந்தால் மாற்றித் தருவாராம். ஒரு காட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம்தான். ஆனால் படம் ஞாயிற்றுக்கிழமைக்கு முடியாது.

வெளியே சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகாமலிருக்க வேண்டுமென்றால் கடலுக்குப் போகவேண்டும். போனான். திரும்பி வரும்போது புதுச் சப்ளைப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, தன்னுடைய சேட்டிலேயே வாந்தியெடுத்தான். பெட்டியில் ஒரு துளி படவில்லை.

படம் முடிந்தது. மண்டபத் திரையில் மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தபோது சனம் கைதட்டியது. அடுத்த நாள் குருசுமுத்து மகனின் அறைக்கு வந்து, திறந்திருந்த பெட்டிக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“ரெண்டும் ஓடுதோ?”

“ஓம் அப்பா.”

“அப்ப, இதில ஒண்டு செத்தால் ஸ்பெயருக்கு என்னடா வைச்சிருக்கிறாய்?”

டெனிஸ்ரன் மேசை லாச்சியைத் திறந்து, வாந்தி மாத்திரை எத்தனை மிச்சம் என்று எண்ணினான்.