அந்தியேட்டிக்கு முதல் நாள்

தவமணி அக்காவின் பணி ஓய்வு மலரில் அவரைப் ‘பொறுமையின் சிகரம்’ என்று அச்சடித்திருந்தார்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பொறுமை கிடையாது. கொஞ்சநஞ்சம் இருந்ததையும் குலசேகரம் என்ற ஒரு மனிதர் 1974-இல் ஒரே மாதத்தில் தீர்த்து வைத்துவிட்டார். இருவரோடும் வேலை செய்தவள் நான். என்ன நடந்ததென்று சொல்லிவிடுகிறேன்.

தீவு நகரமான ஜார்ஜ்டவுனில், கோலாலம்பூர் தலைமையகத்தின் கீழ் ஓர் அரசாங்க இலாகா. பெயர் வேண்டாம். தவமணி அக்கா அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி, ருக்கு என்கிற நான் தட்டச்சுக்காரி, குலசேகரம் எங்கள் இருவருக்கும் மேலே நிர்வாக அதிகாரி. அக்காவும் அவரும் யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பத்தவர்கள். கோயில், கல்யாணம், செத்த வீடு எல்லாவற்றிலும் சந்தித்துக்கொள்பவர்கள். நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையத் ‘தங்கச்சி’யுமாக அவர் உலா வருவார். நல்ல மனிதர் என்று நானும் நம்பியிருக்கிறேன்.

அந்த மார்ச் மாதம் தலைமைக் கிராணி பதவி காலியானது. முறைப்படி அக்காவுக்கு வரவேண்டியது. ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் உத்தரவை ஒட்டினார்கள். ஐந்து வருஷம் பின்னால் வந்து சேர்ந்த ஒரு பையனுக்குப் பதவி. சிபாரிசு செய்தவர் குலசேகரம். அக்கா நேரே அவர் அறைக்குப் போய்க் காரணம் கேட்டார்.

“நீங்கள் கலியாணம் கட்டின ஆள் தங்கச்சி. மனுசன், பிள்ளையள் எண்டு ஆயிரம் சோலி. இது நேரங்காலம் பார்க்காமல் இருக்க வேண்டிய வேலை. உங்கட நன்மைக்குத்தான் செய்தனான்” என்றார்.

அந்தப் பையனுக்கும் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அவனுடைய ஆயிரம் சோலியை யாரும் கேட்கவில்லை.

இதற்கு முறையீடு செய்ய வழி இருந்தது. உத்தரவு வந்த ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத் தலைவர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அதாவது குலசேகரத்திடம்! அடித்தவன் கையிலேயே புகாரைக் கொடு என்று எந்தப் புண்ணியவான் விதி எழுதினானோ, தெரியாது. அக்கா எழுதத் தயாரானார்.

புதன்கிழமை அவருடைய கணவர் ஆனந்தராஜா, கடலுக்கு அக்கரையில் பிறையில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தோரு வயது. படகில்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். அக்கா முறையீட்டை மறந்துபோனார். யாராயிருந்தாலும் மறந்துதான் போவார்கள்.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். டத்தோ கிராமாட் பக்கம் அக்காவின் வீட்டுக்குக் குலசேகரம் மூன்றாம் நாளே வந்தார். விடுப்பு மனுவைத் தானே நிரப்பி எடுத்து வந்திருந்தார். அக்கா கையெழுத்து மட்டும் போட்டால் போதும். நானும் அங்கே இருந்தேன்.

“நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் பிள்ளை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும். துடக்கு கழியட்டும். அந்த முறைப்பாட்டையும் பிறகு ஆறுதலா எழுதித் தாங்கோ. நான் எங்கை ஓடியா போகப்போறன்?”

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அந்தியேட்டிச் சடங்கோடு சாவுத் துடக்கு, அதாவது தீட்டு, முடியும் வரை அவர்கள் வழக்கத்தில் விதவை வெளியே இறங்குவதில்லை. அதை மதித்து ஒரு மேலதிகாரி இவ்வளவு செய்கிறாரே என்று நினைத்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போதுகூட அந்த மனிதரை வாழ்த்திக்கொண்டே போனேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாதம் முடியப்போகும் நேரத்தில் வேறு ஏதோ கடிதத்தைத் தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. முறையீட்டுத் தவணை வியாழக்கிழமையோடு முடிகிறது. அந்தியேட்டி வெள்ளிக்கிழமை. குலசேகரத்துக்கு விதியும் மனப்பாடம், பஞ்சாங்கமும் மனப்பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மனிதர் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார். அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

“அக்கா, அவரு வேணும்னே சொல்லியிருக்காரு லா. வியாழக்கிழமையோட டைம் முடியுது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்க என்ன எழுதினாலும் குப்பைக்குத்தான் போகும்.”

“என்ரை மனுசன்ரை சாவை வைச்சு நாள் எண்ணினவரோ?” என்றார் அக்கா. அழுதழுது சிவந்திருந்த அந்தக் கண்களில் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோபத்தைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நான் மறுநாள் இரண்டு பிரதி தட்டிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் அலுவலகத்துக்குப் புறப்பட்டபோது கணவரின் அக்கா நல்லம்மா வாசலை மறித்துக்கொண்டார். “நாளைக்கு அந்தியேட்டியை வைச்சுக்கொண்டு கந்தோருக்குப் போறியோ? சனம் காறித் துப்பும்!”

“துப்பட்டும் மச்சாள். அவர் இருந்திருந்தால் தானே கூட்டிக்கொண்டு போயிருப்பார்.”

வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அவர் அலுவலகத்துக்குள் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். குலசேகரம் மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“என்ன பிள்ளை இது? துடக்கோடை வந்திருக்கிறியள்! நான் விரதம். பின்னேரம் கோயிலுக்குப் போக வேணும். அதை என்ரை கையாலை வாங்கேலாது. திங்கக்கிழமை கொண்டு வாங்கோ.”

“தவணை இண்டையோடை முடியுது, சேர்.”

“அதுக்கு நான் என்ன செய்ய? சாத்திரம் சாத்திரம்தானே.”

“தபாலிலை வந்திருந்தால் வாங்கியிருப்பியள்தானே?”

அவர் சுவாமி படத்தைப் பார்ப்பவர்போல ஜன்னலைப் பார்த்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கும்போது வராத சாத்திரம், அரசாங்கக் கடிதத்தை வாங்கும்போது வந்துவிட்டது. எனக்குத் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்றிருந்தது.

அப்போது எங்கள் பியூன் இஸ்மாயில், சுவரைப் பார்த்துக்கொண்டு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். “சாப்பு மேசை மேலதான் இருக்கு லா. இன்னைக்குத் தேதியெல்லாம் காலையிலயே மாத்தி வச்சாச்சு.”

அக்கா போய் அந்தச் சாப்பை, தேதி முத்திரையை, எடுத்தார். இரண்டு பிரதியிலும் ஓங்கி ஓங்கிக் குத்தினார். ஒன்றைக் குலசேகரத்தின் மேசையில் வைத்தார், மற்றதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை குலசேகரம் என்னிடம் இரண்டு கடிதங்கள் தட்டச் சொன்னார். முதலாவது, தலைமையகத்துக்கு: தவமணியின் முறையீடு இன்றுதான் கிடைத்தது, தவணை கடந்துவிட்டது, ஏற்க வேண்டியதில்லை. இரண்டாவது, அக்காவுக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு: வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்து, முறையீட்டுக் கடிதத்தில் அலுவலக முத்திரையை அனுமதியின்றிப் பயன்படுத்தினீர். அக்கா முறையீடு செய்ய ஒரு மாதம்தான் தவணை. அக்காவின்மேல் குற்றம் சொல்ல எந்தத் தவணையும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த அநியாயத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே தட்டினேன்.

பாதியில் என் விரல் நின்றது. வியாழக்கிழமை அக்கா முறையீட்டோடு வந்தார் என்று அவரே எழுதுகிறார்! ஆத்திரத்தில் மனிதர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஓர் எழுத்துப் பிழையில்லாமல் தட்டி, கையெழுத்துக்கு நீட்டினேன். இரண்டிலும் அழகாகப் போட்டார்.

அக்கா தன்னிடமிருந்த பிரதியையும் அந்தக் குற்றச்சாட்டையும் சேர்த்து நேரே கோலாலம்பூருக்கு அனுப்பினார். அங்கிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். இரண்டு கடிதங்களையும் மேசையில் போட்டுக் குலசேகரத்தைக் கேட்டார்.

“வியாழக்கிழமை வந்ததா, திங்கட்கிழமை வந்ததா? ஒன்றைச் சொல்லுங்கள்.”

துடக்கு, விரதம், கோயில் எல்லாம் அந்த அறையில் செல்லுபடியாகவில்லை. குலசேகரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் திருநீறு முழுவதும் அழிந்துபோனது. முத்திரையைத் தொட்டதற்காக அக்காவுக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. முறையீடு தவணைக்குள் வந்ததாக ஏற்கப்பட்டது. குலசேகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எப்போதுதான் என்ன ஆகியிருக்கிறது?

முடிவு வர ஆகஸ்டு மாதம் ஆகிவிட்டது. அடுத்து காலியான தலைமைக் கிராணி பதவி அக்காவுக்கு. அலுவலகமே ஆரவாரப்பட்டது. இஸ்மாயில் சூலியா தெருவுக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் பலகாரம் வாங்கி வந்தார். குலசேகரம்கூட வந்து, “நான் அப்பவே நினைச்சனான்” என்றார்.

அக்கா உத்தரவைப் படித்துக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. என்னிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: ‘மனுதாரரின் கணவர் காலமாகிவிட்டபடியால், குடும்பப் பொறுப்பு காரணமாக முன்பு கூறப்பட்ட தடை இப்போது எழவில்லை. ஆகவே பதவி உயர்வு வழங்கலாம்.’

செய்தது தப்பு என்று ஒரு சொல் இல்லை. புருஷன் செத்துவிட்டான், இனிமேல் இவள் வேலைக்கு ஆவாள், அவ்வளவுதான்.

“என்ரை மனுசன் செத்ததுதான் எனக்குத் தகுதியோ?” என்றார் அக்கா. சத்தம் போட்டுத்தான் கேட்டார். பலகாரம் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“விடுங்கக்கா, அதான் வேலை கெடைச்சிருச்சே” என்றேன். நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

“வேலையை நான் விடமாட்டன். அது எனக்கு உரியது. இந்த உத்தரவை எதிர்த்து எழுத எவ்வளவு காலம் இருக்கு?”

“ஒரு மாசம்.”

“ஒரு மணித்தியாலம் போதும். ருக்கு, கடதாசியைப் போடும்.”

நான் தாளைச் சுருட்டி ஏற்றினேன். அறை நடுவில் நின்றபடி, குலசேகரத்தின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு அக்கா சொல்லச் சொல்ல, நான் தட்டினேன்.

“உத்தரவை ஒட்டிய திங்கட்கிழமை என் கணவர் உயிரோடு இருந்தார். அன்றைக்கும் நான் இந்தப் பதவிக்குத் தகுதியானவள். அதை எழுத்தில் தர வேண்டும்.”