உள்ளங்கை மறைத்த பக்கம்

இருட்டைக் கண்டு நடுங்குகிறவள் இருட்டறையில் வேலை பார்க்கிறாள் என்றால் கேட்கிறவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஸ்டூடியோவில் அவளுக்குப் பட்டப்பெயரே பல்பு. காலையில் வந்ததும் இருட்டறைக்குள் கையை மட்டும் நீட்டிச் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். எட்டு வயதில், கண்ணாமூச்சி விளையாட்டில் பீரோவுக்குள் ஒளிந்து, கதவு பூட்டிக்கொண்டு, அரை நாள் உள்ளே கிடந்தவள். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை நாலு நாளில் சரியாகிவிட்டது. பயம் சரியாகவில்லை.

கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அந்த ஒரு சலுகையை நம்பித்தான் பதினான்கு வருஷம் அந்த அறையில் குப்பை கொட்டினாள். ஃபிலிம் சுருளைக் கழுவ முழு இருட்டு வேண்டும். அதை மட்டும் தலைவலி, தலைசுற்றல் என்று ஏதாவது சொல்லி, படத்தில் கறை, சுருக்கம் நீக்கி ரீடச் செய்பவர் தலையில் கட்டிவிடுவாள். அவரும் இவளுக்கு ரத்தசோகை என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தான். கையில் துண்டில் சுற்றிய கேமரா, எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளுகிற வகை. அவனுக்கு மூன்று நாள் முன்பு பையன் பிறந்து, ஐந்து மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டான். அண்ணி மயக்கத்தில் இருந்ததால் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. கடைசி நேரத்தில் அண்ணன் ஒரே ஒரு படம் எடுத்தானாம். கேமரா ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது, படம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நாலு கடை ஏறி இறங்கியும் ஒருவரும் திறக்கத் துணியவில்லை.

"அவ புள்ள முகத்தையே பாக்கலம்மா. நீதான் எப்படியாவது எடுத்துத் தரணும்" என்றான்.

முதலாளி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் இருக்கிற மருந்துப் பை காய்வதற்குள் எடுத்து, உருளைகளுக்கு நடுவே கையால் சுற்றி அனுப்பினால் படம் விழும் என்றார். அவருக்கோ விரல் நடுக்கம். ரீடச் செய்பவர் வெளியூர் போயிருந்தார்.

"ஒண்ணு சொல்றேன். இது கலர். இதுக்கு எல்லா வெளிச்சமும் தெரியும். உன் சிவப்பு பல்பும் ஆகாது."

அவள் பார்வை இருட்டறைக் கதவுக்குப் போனது. எனக்குப் பயம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முப்பத்தாறு வயதில் அண்ணன் முன்னால் அதை எப்படிச் சொல்வது? வெளிச்சத்தில் காலி ஃபிலிம் பெட்டி ஒன்றை வைத்து மூன்று தடவை பழகிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்து, பல்பின் கயிற்றை இழுத்தாள்.

இருட்டு வந்து மூக்கை அடைத்தது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. விரல்கள் என்னவோ ஒழுங்காகத்தான் வேலை செய்தன. கேமராவின் கதவு திறந்தது, ஃபிலிம் பெட்டி வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. மேலே இருப்பது அந்தப் படம்தான். அதன் மேல் உள்ளங்கையை வைத்த அதே நேரம் முதுகு சுவரில் இடித்தது. அவளுக்கு அது சுவர் இல்லை, அந்தப் பழைய பீரோ. மூச்சு முட்டியது.

கை தானாகப் போய்க் கயிற்றை இழுத்துவிட்டது.

சிவப்பு வெளிச்சம் ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் இருந்தது. உடனே அணைத்தாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, அழுதுகொண்டே, படத்தை உருளைக்குள் செருகிப் பல்சக்கரத்தை விரலால் சுற்றினாள். பத்து நிமிஷம் அதைக் குப்புறப் போட்டுவிட்டு இருட்டிலேயே நின்றாள். அப்போது பயப்படவில்லையா என்றால், பயந்தாள். இப்போது இருட்டு மட்டும் காரணம் இல்லை.

படம் விழுந்திருந்தது. உள்ளங்கை மறைத்த பக்கத்தில் ஒரு கண், மூக்கு, உதட்டில் பாதி. மறு பக்கம் முழுக்கச் சிவப்பு மூடிக்கிடந்தது.

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அண்ணன் கேமராவைத் திட்டிக்கொண்டே வந்தான். இவளும் மனதுக்குள் கணக்குப் போட்டாள். கேமரா மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அண்ணன் மருந்து வாங்கப் போன நேரத்தில் அண்ணி படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கு?"

"மெஷின் கோளாறு" என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. "இல்ல அண்ணி. நான்தான் லைட்டப் போட்டேன். போடக்கூடாதுன்னு தெரியும். இருட்டுல பயந்துட்டேன்."

அண்ணி திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தாள். அண்ணி கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிராத. நான் மயக்கத்துல இல்ல. நர்ஸம்மா புள்ளைய உயிரோட கொண்டுவந்து, பாரும்மான்னு பக்கத்துல காட்டுனாங்க. பாத்தா அப்புறம் விட முடியாதுன்னு பயந்து, நான்தான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."