மூன்றாவது சிலிண்டர்

டீசல் கேனைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் தட்டி, கடைசிச் சொட்டு வரை கார் டாங்க்கில் ஊற்றிய முட்டாள் நான்தான். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஒன்றிலும் இதைப் பற்றி எச்சரிக்கை இல்லை.

உப்பு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவில் படகு வைத்திருப்பவர்கள் கேனின் அடி டீசலை இன்ஜினுக்கு ஊற்றுவதே இல்லை. ஏரியில் போய் வரும் கேன். உப்புத் தண்ணீரும் துருவும் அடியில் தங்கும். நாலு விரல் அளவு மிச்சம் வைத்து, அதை வேலியோரம் கொட்டிவிடுவார்கள். பங்க் வரை போகச் சோம்பல்பட்டு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு கேன் கடன் வாங்கியபோது இந்த வழக்கத்தை நான் ஊதாரித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். என்னுடையது பழைய டீசல் கார். ஃபில்டர் அதைவிடப் பழசு.

அந்தக் காரில்தான் அண்ணனின் மனைவியை, நான் அக்கா என்று கூப்பிடுபவரை, வாரம் இரண்டு முறை பொன்னேரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவேன். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மழையில் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்குக் கண் திறக்க முடியாத அளவு முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. பின்சீட்டில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, முன்சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஊர் எல்லையைத் தாண்டவில்லை. கார் குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியது, புகை கக்கியது, நகர மறுத்தது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். வந்த இரண்டு ஷேர் ஆட்டோக்களிலும் மீன் கூடைகளுக்கு மேல் ஆட்கள் தொங்கினார்கள்.

"ஆஃப் பண்ணாத சார், ஓடட்டும்" என்றார் அண்ணன். வீட்டுக்கு ஓடி, படகு இன்ஜினுக்கு வைத்திருக்கும் ஸ்பேனர் பையோடும் ஒரு பாட்டில் தெளிந்த டீசலோடும் திரும்பினார்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் பைப்பின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, காதைக் கொடுத்துக் கேட்டார். முதலாவதைத் தளர்த்தியதும் அதற்குப் போகும் டீசல் நின்று, இன்ஜின் இன்னும் திணறியது. "இது வேல செய்து." இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவன்தான். சும்மாவே குந்தினு கீறான்."

இன்ஜினை நிறுத்தி, அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, வெளியே திருப்பி அதே பைப்பில் மாட்டினார். என்னை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். பனிபோல் பீய்ச்ச வேண்டிய டீசல், சரியாக மூடாத குழாய்போல் சொட்டியது. நான் இறங்கி வந்து ஆர்வமாக விரலை நீட்டினேன்.

"கைய எடு சார்! அடைப்பு வுட்டுச்சின்னா டீசலு தோல கிழிச்சினு உள்ள பூந்துடும். ஒரு சீக்காளி பத்தாதா?"

பின்சீட்டில் அக்கா மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் நாசிலைப் பிரித்தார். உள்ளே ஊசி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. நல்ல டீசலில் ஊறவைத்துத் தட்டி எடுத்தார், துடைத்தார், நுனி ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்தினார். பிறகு ஃபில்டரைத் திறந்து கவிழ்த்தார். மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் டீசலு" என்றார். "நானே குடுத்தேன். நானே இவள..."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியவன் நான். வாக்கியம் எழுதியே பிழைப்பவன். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

இன்ஜெக்டரைத் திரும்பப் பூட்டி, டாங்க்கின் அடித் தண்ணீரை வடித்து, ஃபில்டரில் நல்ல டீசல் ஊற்றி, பைப்பில் இருந்த காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது நாலு சிலிண்டரும் பேசின. முக்கால் மணி நேரம் போயிருந்தது. பொன்னேரியில் அக்காவின் முறை வேறு ஆளுக்குப் போய்விட்டது. வராந்தாவில் ஆக்சிஜன் வைத்து மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். உதடு நீலமானபோது ஒரு நர்ஸ் ஓடி வந்தார். அதன் பிறகே மெஷின் கிடைத்தது. பிழைத்துக்கொண்டார். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஒரு முறைகூடத் தவறக் கூடாது என்றார் டாக்டர், அதைத் தவறவிட்ட என்னைப் பார்த்தே.

மாலையில் அக்கா கண் திறந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். வராந்தாவில் ஒத்திகை பார்த்ததை முழுசாக ஒப்பித்தேன். அடி டீசலை ஊற்றியது நான், அண்ணன்மேல் தப்பு இல்லை, என் மனசாட்சி என்னைத் தின்கிறது, இன்னும் என்னென்னவோ.

கையில் குழாயோடு அக்கா கடைசிவரை கேட்டார்.

"என்னாண்ட இன்னாத்துக்கு தம்பி சொல்ற? வெளிய போய் அவராண்ட சொல்லு. கார்த்தாலேர்ந்து அந்தாளு சோறு துன்னல."